அக்னி வெயிலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

(2025 மகளிர் தின விழாவில் நம் கூட்டமைப்பின் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"நீ மாரத்தான் ஓடினதைப் பத்தி பத்து நிமிஷம் பேசும்மா, பதக்கத்தையும் எடுத்துட்டு வா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். பதக்கத்தைக் கொண்டு வந்திருக்கிறேன், அப்புறம் கை மாற்றிப் பாருங்கள். ஆனால் ஒன்று, ஓடி முடித்த எல்லோருக்கும் இதே பதக்கம்தான். எனக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அதனால் பதக்கத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அந்த ஓட்டத்துக்காகப் போன வருஷம் கோடை முழுக்கப் பயிற்சி எடுத்தேனே, அப்போது வெயிலைப் பற்றிக் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வெயிலில் வேலை செய்கிறவர்கள். வயல், செங்கல் சூளை, சித்தாள் வேலை, நூறு நாள் வேலை. மீதிப் பேர் அடுப்படியில். உங்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்கு வயது 43. வேலூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல் வேலை. குழுவில் கணக்கு எழுதுவதும் நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கும் நம் தங்கச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்து, விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஒருவாட்டி போய்ப் பாத்துடுங்க" என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 118 இருந்தது. "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது, நடங்கள்" என்றார் டாக்டர். ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. ஐந்து கிலோமீட்டர், பத்து, பிறகு இருபத்தொன்று. 2024 ஜனவரியில், ஜூலை கடைசியில் கடலோர நகரம் ஒன்றில் நடக்கும் முழு மாரத்தானுக்குப் பேர் கொடுத்தேன். முழு மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும்.

அதற்கு நல்ல ஷூ வேண்டும். மூவாயிரம் ரூபாய். குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டேன். ஒரே சிரிப்பு. "மாடு வாங்கக் கடன் கொடுத்திருக்கோம், காது குத்தக் கொடுத்திருக்கோம், ஷூவுக்கா?" என்றார் ஒரு பெரியம்மா. "நாப்பத்திமூணு வயசுல ஓடிப் போய் எங்க சேரப் போற?" என்றார் இன்னொரு அக்கா. அப்போது எங்கள் ஊக்குநர் கேட்டார்: "இவளுக்குச் சர்க்கரை முத்திப் போய் மாசாமாசம் மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் கடன் கேட்டா கொடுப்போமா மாட்டோமா? அதைவிட இது சின்னக் கடன்தானே?" தீர்மானப் பதிவேட்டில் எழுதியாயிற்று. ரூ.3,000, பத்துத் தவணை, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் ஓட்டத்துக்கு முதல் பந்தயம் அதுதான்.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். முதலில் டாக்டரிடம் அனுப்பி ரத்த அழுத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்து வரச் சொன்னார். பிறகு வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் என்று அட்டவணை போட்டார். மூன்று நாள் குறைந்த தூரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம். பன்னிரண்டு கிலோமீட்டரில் தொடங்கி இரண்டு இரண்டாகக் கூட்டுவது. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். "உடம்பு வேலை செய்யும்போது பலமாகாதும்மா, ஓய்வெடுக்கும்போதுதான் பலமாகும்" என்பார். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு அதிகபட்சமாக 32 கிலோமீட்டர். அதற்கப்புறம் இறங்குமுகம்தான்.

வார நாட்களில் விடிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்புவேன். தனியாக இருட்டில் ஓடப் பயம். நம் குழு அக்கா ஒருத்தர் பால் கறந்து கேனை டி.வி.எஸ். எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். அவர் வண்டி வெளிச்சத்தில்தான் நான் ஓடினேன். அவர் மெதுவாக ஓட்டுவார், நான் வேகமாக ஓடுவேன். "உன்னால பால் திரிஞ்சிடப் போவுதுடி" என்று திட்டிக்கொண்டே ஆறு மாதமும் கூட வந்தார்.

மார்ச் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. ஏப்ரலில் நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்கள் வந்துகொண்டே இருந்தன. மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம் வேறு. விடிகாலையிலேயே புழுக்கம். குளிர்காலத்தில் எட்டு நிமிஷத்தில் ஓடிய ஒரு கிலோமீட்டர் இப்போது ஒன்பது நிமிஷம், சில நாள் ஒன்பதரை. நான் பின்னால் போகிறேனோ என்று சாரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

ஓடும்போது தசைக்கு ரத்தம் வேண்டும். வெயிலில் உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். இருப்பது ஒரே ரத்தம். இரண்டு பக்கமும் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உள்ள நீரும் குறைகிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பத்தை நடத்துவது மாதிரி. அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்கிறவள்தான் புத்திசாலி. "கடிகாரத்தைப் பாக்காதே. பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமாப் பேச முடியுதா, அந்த வேகம் போதும். பேச்சு துண்டு துண்டா வந்தா நட" என்றார். பால்கார அக்காவிடம் பேசிக்கொண்டே ஓடினேன். ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துகொண்டதும் அப்போதுதான்.

இன்னொன்றும் சொன்னார். உடம்பு வெயிலுக்குப் பழகும், ஆனால் அதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தில் உழைத்தால் வியர்வை சீக்கிரமாகவே சுரக்க ஆரம்பிக்கும், அதிகமாகவும் சுரக்கும். வியர்வையில் வெளியேறும் உப்பு குறையும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். அதே வேலைக்கு இதயம் முன்னைவிட மெதுவாக அடிக்கும். நம் சந்தா சேமிப்பு மாதிரிதான். வாராவாரம் போட்டால் சேரும். ஒரே நாளில் மொத்தமாகப் போட முடியாது. சில வாரம் விட்டுவிட்டால் சேர்ந்ததும் கரைந்துபோகும். அதனால்தான் வேலைக்குப் புதிதாக வந்தவர்களையும், உடம்பு சரியில்லாமல் படுத்து எழுந்து வந்தவர்களையும் முதல் நாளே முழு வேலை வாங்கக் கூடாது. முதல் வாரத்தில்தான் ஆபத்து அதிகம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பழைய பேப்பர், இரும்பு எடுக்கிற கடை இருக்கிறது. அங்கே இருக்கும் பெரிய தராசில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னார் சார். மே மாதத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தேன். கடைக்காரர், "அம்மா, தினமும் ஓடினா ஒரு மாசத்துல காணாமப் போயிடுவீங்க" என்றார். குறைந்தது கொழுப்பு இல்லை, முழுக்க வியர்வை. ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கே அப்படியென்றால், காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை மண் வெட்டுகிறவள் எத்தனை லிட்டர் இழப்பாள்? நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதற்காக வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் கெடுதல். வியர்வையோடு உப்பும் போகிறது. உப்பில்லாமல் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும். நமக்கு நல்ல மருந்து வீட்டிலேயே இருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ், எலுமிச்சைச் சாறு. சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும், ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு. நீண்ட ஓட்டத்தன்று பாட்டில்களை முதல் நாள் மாலையே ஏரி மதகடியிலும் புளியமரத்தடியிலும் மறைத்து வைத்துவிடுவேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் உப்பு, இனிப்பு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நாம் ஏன் குடிப்பதில்லை? ஆண்கள் இருக்கும் மேடையில் சொல்லத் தயக்கம்தான், இருந்தாலும் சொல்றேன். குடித்தால் சிறுநீர் வரும். வந்தால் போக இடமில்லை. அதனால் காலையில் வீட்டில் குடித்த காப்பியோடு மதியம் வரை தள்ளுகிறோம். மாதவிலக்கு நாட்களில் கேட்கவே வேண்டாம். ஓட்டத்துக்குப் பாதை தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்த்தது வழியில் கழிப்பறை இருக்கும் பெட்ரோல் பங்க் எங்கே என்றுதான். வேலைக்குப் போகிறவளுக்கு அப்படித் தேர்ந்தெடுக்க முடிகிறதா?

மே முதல் வாரத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். வாய்க்கால் தூர் வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்களே என்று சேமிப்பு வசூலிக்க நோட்டோடு பதினொரு மணிக்கு அங்கே போனேன். நம் குழு அக்கா ஒருத்தர், ஐம்பதைத் தாண்டியவர், மண்வெட்டியை வைத்துக்கொண்டு ஏதேதோ பேசினார். பெற்ற பெண்ணின் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். கால் தள்ளாடியது. தொட்டால் உடம்பு அடுப்பு மாதிரி. "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்றார் ஒருவர். "சோடா குடுங்க" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் ஆட்டோ தேடி ஓடினார்கள்.

சார் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது நினைவில் இருந்தது. வெயிலில் ஒருவர் குழம்பிப் பேசினால் அது வெறும் களைப்பு இல்லை, மூளைவரை சூடு ஏறிவிட்டது. உடம்பின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். முதலில் குளிர வை, அப்புறம் கொண்டுபோ. வேலமர நிழலுக்கு இழுத்தோம். குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் தலையிலிருந்து கால்வரை ஊற்றினோம். பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, ரவிக்கையைத் தளர்த்தி, ஈரப் புடவையால் போர்த்தி, நான்கு பேர் முந்தானையால் விசிறினோம். பம்புசெட்டிலிருந்து மேலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வாயில் ஒரு சொட்டும் ஊற்ற விடவில்லை. நினைவு தப்பியவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் இந்தச் சூட்டுக்கு உதவாது. 108 வருவதற்குள் அக்கா என் பெயரைச் சரியாகச் சொன்னார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு அவரிடம், "ஏன்க்கா காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கல?" என்று கேட்டேன். "ஒதுங்க எடம் எங்கடி இருக்குது? எல்லாரும் தாங்கறாங்க, நானும் தாங்கலாம்னு பாத்தேன்" என்றார்.

இந்தத் "தாங்கறது" பற்றித்தான் நான் உங்களோடு பேச வந்தேன். ஒரு காலத்தில் பெண்ணால் தூரம் ஓட முடியாது என்றார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டு, களைத்துப்போகிறார்கள் என்று சொல்லி நிறுத்தி, 1960-இல்தான் மறுபடி விட்டார்கள். ஆண்களின் மாரத்தான் 1896-லேயே இருந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் மாரத்தான் வந்தது 1984-இல், 88 வருஷம் கழித்து. ஓட்டத்தில் பெண்ணால் முடியாது என்ற அதே உலகம், வீட்டிலும் வயலிலும் பெண் எதையும் தாங்குவாள் என்கிறது. நாமும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு தாகத்தையும் மயக்கத்தையும் மறைக்கிறோம்.

2019-இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரப்பதமும் கடுமை. உலகத்திலேயே சிறந்த 68 பேர் புறப்பட்டார்கள். 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களைவிட நம் உடம்பு இரும்பா? போதும் என்று நின்ற அந்த 28 பேரும் பலவீனமானவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

அந்த வாரமே குழுவில் தீர்மானம் போட்டு, கூட்டமைப்பு மூலமாக ஊராட்சியில் மனு கொடுத்தோம். நூறு நாள் வேலைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையிலேயே, வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று அப்போது எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் கேட்டோம். வேலை விடிகாலையிலேயே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. தார்ப்பாய்ப் பந்தல் வந்தது. நாலு கம்பு நட்டு ஓலை கட்டிய ஒரு மறைப்பும் வந்தது. அந்த மறைப்பு வந்த பிறகு குடம் சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது என்று தண்ணீர் ஊற்றுகிற பெரியம்மா சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் பதக்கத்தில்கூட வரவில்லை.

ஜூலையில் போட்டிக்குப் போனேன். அங்கே வெயில் நம் ஊரைவிடக் குறைவு, ஆனால் கடற்காற்றில் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். துணி காயாத ஊரில் வியர்வையும் காயாது. விடிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். என் உள்ளங்கையில் பேனாவால் மூன்று வார்த்தை எழுதியிருந்தேன்: சிலிர்ப்பு, தலைசுற்றல், குழப்பம். மூன்றில் எது வந்தாலும் நின்றுவிடுவது என்று குழுவில் சொல்லிவிட்டுத்தான் போனேன். முப்பதாவது கிலோமீட்டரில் வெயில் முகத்தில் அடித்தது. நான்கு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடித்தேன், கழுத்தில் ஊற்றிக்கொண்டேன். சிலிர்ப்பு வரவில்லை, தலை சுற்றவில்லை, யார் பேர் கேட்டாலும் தெளிவாகச் சொல்லும் நிலையில்தான் இருந்தேன். ஆறு மணி இருபத்தொரு நிமிஷத்தில் முடித்தேன். போன மாதம் பார்த்தபோது சர்க்கரை 97. ஷூ கடன் அக்டோபரில் அடைந்தது, ஒரு தவணையும் தவறவில்லை.

இந்த வருஷம் கோடை இதோ வந்துவிட்டது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. ஆனால் நம் குழுக்களில் எந்தக் குடும்பமும் அந்தப் பணத்தை வாங்கும் நிலை வரக் கூடாது. அதற்காக ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்திலேயே மூன்று தீர்மானம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, வேலை செய்யும் இடத்தில் தண்ணீர், நிழல், பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு, மூன்றையும் சேர்த்துக் கேட்பது. இரண்டு, குழுவுக்கு ஒருவராவது வெப்பத் தாக்கத்தின் அறிகுறியையும் முதலுதவியையும் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. மூன்று, வெயிலில் "எனக்கு முடியல" என்று ஒருத்தி சொன்னால் யாரும் சிரிக்காமல் அவளை உட்கார வைப்பது. மூன்றாவதற்குச் செலவே இல்லை, ஆனால் அதுதான் கஷ்டம்.

ஓட ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வாங்க. இப்போது ஏழு பேர் வருகிறோம். நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி. ஷூ இல்லையென்று தயங்க வேண்டாம், உங்கள் குழுவில் உள்கடன் கேளுங்கள். தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.